முதல் வாழ்த்து யாருக்கு?

காலை ஷிஃப்டை ஒப்படைத்துவிட்டு, கூட வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தியும் நானும் ஆஸ்பத்திரிக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தோம். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். எங்கள் டயாலிசிஸ் பிரிவுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. வேலை முடிந்து வீட்டுக்குப் போனாலும் மனசு வார்டிலேயே நிற்கிறது என்று அவள் சொன்னபோது, நான்தான் மைத்திரி தியானத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

"அக்கா, அதை விட்டுட்டேன்" என்றாள்.

"ஏம்மா?"

"'மொதல்ல உங்களை நினைச்சுக்கோங்க, நான் நலமாக இருப்பேனாகன்னு சொல்லுங்க'ன்னு போன்ல ஒரு குரல் வருதுல்ல, அதைக் கேட்டாலே எரிச்சலா இருக்கு. நேத்து அழுதுட்டேன். எனக்கு நானே நல்லா இருக்கணும்னு சொல்லிக்கிறது என்னமோ திருட்டுத்தனம் பண்ற மாதிரி இருக்குக்கா. வீட்ல அம்மா, தம்பி படிப்பு, இங்க பேஷண்டுங்க. இத்தனை பேர் இருக்கையில நான் எனக்குன்னு கேக்குறதா?"

திருட்டுத்தனம் என்ற அந்தச் சொல் என்னை உலுக்கிவிட்டது. தவறு அவளிடம் இல்லை. நான் காட்டிய வாசல் அவளுக்கு ஏற்றதாக இல்லை. இந்தத் தியானத்துக்குள் நுழைய நான்கு வாசல்கள் எனக்குத் தெரியும். ஒன்பது வருடத்தில் நான்கின் வழியாகவும் போய்ப் பார்த்திருக்கிறேன். எது யாருக்குப் பொருந்தும் என்று அன்று அவளிடம் சொன்னதையும், பஸ் வந்துவிட்டதால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

செய்முறை சின்னதுதான். ஓரிடத்தில் உட்கார்ந்து ஒருவரை மனத்தில் நிறுத்தி, அவர் நலமாக இருக்க வேண்டும் என்று உள்ளபடியே விரும்புவது. அந்த விருப்பத்தில் ஈரம் ஊறியதும் அதை அடுத்தவருக்கு, அதற்கும் அடுத்தவருக்கு என்று நகர்த்துவது. பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் இதை மெத்தா என்பார்கள். தமிழுக்கு இது அந்நியமானதும் இல்லை. மணிமேகலையின் முப்பதாவது காதையில், மனத்தில் கட்டிக்கொண்ட செற்றத்தை அறுப்பதற்கு மைத்திரி, கருணை, முதிதை என்ற மூன்றையும்தான் அறவண அடிகள் மருந்தாகச் சொல்கிறார். அருளை 'அன்பு ஈன் குழவி' என்கிறது குறள். தொடர்புடையவர் மேல் செல்வது அன்பு, தொடர்பு பாராமல் எல்லா உயிர் மேலும் செல்வது அருள் என்று பரிமேலழகர் பிரித்துக் காட்டுவார். அன்பு பெற்றெடுத்தால்தான் அருள். எனவே அன்பு ஏற்கெனவே எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் தொடங்க முடியும். அது எங்கே இருக்கிறது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு.

தன்னிலிருந்து தொடங்குவது

பெரும்பாலான செயலிகளும் வகுப்புகளும் காட்டுவது இந்த வழியைத்தான். இதன் வேர் விசுத்திமக்கம். 5-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து பௌத்தத் துறவி புத்தகோசர் எழுதிய நூல். அவர் காஞ்சிபுரத்தில் சில காலம் தங்கியிருந்ததை அவருடைய உரைநூல் ஒன்றின் முடிவுரை சொல்கிறது. பாலியில் எழுதிய அந்தப் பெரியவர் நம் ஊர்த் தெருக்களில் நடந்திருக்கிறார் என்பதில் எனக்குத் தனிப்பட்ட ஒரு நெருக்கம் உண்டு. நூலின் ஒன்பதாவது அத்தியாயத்தில் வரிசை தெளிவாக இருக்கிறது. முதலில் தான், அடுத்து மதிப்புக்குரிய ஆசிரியர், பிறகு நெருங்கிய நண்பர், பிறகு விருப்பும் வெறுப்பும் இல்லாத ஒருவர், கடைசியாகப் பகைவர்.

இதை முதலில் படித்தபோது, 'தன்னை நேசிக்காதவரால் பிறரை நேசிக்க முடியாது' என்று இன்று எங்கும் கேட்கிற வாசகத்தை அதற்குள் ஏற்றித்தான் படித்தேன். நிதானமாக மறுபடி படித்தபோது அவர் சொல்வது வேறு என்று புரிந்தது. தன்னை முதலில் வைப்பது ஒரு சாட்சிக்காக. 'நான் இன்பத்தை விரும்புகிறேன், துன்பத்துக்கு அஞ்சுகிறேன். என்னைப் போலத்தானே மற்ற உயிர்களும்' என்று நெஞ்சில் உறைப்பதற்காக. தன்னையே நினைத்து நூறு வருடமோ ஆயிரம் வருடமோ மைத்திரி செய்தாலும் தியானத்தின் ஆழ்நிலை கைகூடாது என்று அதே இடத்தில் எழுதியும் வைத்திருக்கிறார். தான் என்பது அவருக்குத் தங்கும் வீடு இல்லை, வாசற்படி.

இதற்கு ஆதாரமாக அவர் எடுத்துக்காட்டுவது கோசல நாட்டு அரசர் பசேனதியும் அரசி மல்லிகாவும் பேசிய பேச்சு. "உன்னைவிட உனக்குப் பிரியமானவர் யாராவது உண்டா?" என்று அரசர் கேட்கிறார். "இல்லை அரசே, உங்களுக்கு?" என்கிறாள். அவருக்கும் இல்லை. இதைக் கேட்ட புத்தர் கடிந்துகொள்ளவில்லை. எல்லாத் திசையிலும் தேடினாலும் தன்னைவிடப் பிரியமானவரை எவரும் காண்பதில்லை. மற்றவர்களுக்கும் தத்தம் உயிர் அப்படித்தான். ஆகவே தன்னை நேசிப்பவன் பிறரைத் துன்புறுத்தலாகாது என்கிறார்.

தன்மேல் உள்ள அன்பு எல்லோரிடமும் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை இந்த வரிசை எடுத்துக்கொண்டுவிடுகிறது. மல்லிகாவால் அரசரின் முகத்துக்கு நேராக அதைச் சொல்ல முடிந்தது. எங்கள் வார்டில் வேலை பார்க்கும் பெண்களில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? கடைசியாகச் சாப்பிட்டு, முதலில் எழுந்து, காய்ச்சலோடு ட்யூட்டிக்கு வந்து பழகியவர்களை உட்காரவைத்து 'உன்னை நீ வாழ்த்திக்கொள்' என்றால், சாட்சிக் கூண்டில் ஏறுகிறவரே வாயடைத்து நிற்பார்.

ஆனாலும் இந்த வழி பலருக்கு அருமையாகப் பொருந்துகிறது. தனக்கென்று கேட்டுக்கொள்வதில் கூச்சம் இல்லாதவர்கள், உடம்புக்கு வந்த நோயிலிருந்து இப்போதுதான் எழுகிறவர்கள், தன் பசி தனக்குத் தெரிகிறவர்கள் தயங்காமல் இதில் தொடங்கலாம். ஐந்து நிமிடம் போதும். நெஞ்சுக்கூட்டில் லேசான தளர்வு வந்ததும் அடுத்தவருக்கு நகர்ந்துவிட வேண்டும். இந்த வாசற்படியிலேயே வருடக்கணக்கில் உட்கார்ந்துவிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அமைதியாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் அந்த அமைதிக்குள் இன்னொருவர் வந்து உட்கார இடம் இருப்பதில்லை.

சொல்கூட ஒரு தடை

அவளுக்கு எரிச்சல் வந்ததில் அந்தத் தொலைபேசிக் குரலின் தமிழுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். 'நான் நலமாக இருப்பேனாக' என்று நம்மில் யார் பேசுகிறோம்?

தமிழில் வாழ்த்துவதற்கென்றே வியங்கோள் வினை இருக்கிறது. வாழ்க, வாழிய, வெல்க. ஆனால் 'நான் வாழ்க' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு தயங்கும். அந்தத் தயக்கம் நேற்று வந்ததில்லை. வியங்கோள் தன்மையிலும் முன்னிலையிலும் நிலைபெறாது என்று தொல்காப்பியம் வினையியலில் சொல்கிறது. பல நூற்றாண்டு கழித்து வந்த நன்னூல்தான் எல்லா இடத்திலும் வரலாம் என்று கதவைத் திறக்கிறது. தன்னைத் தானே வாழ்த்திக்கொள்ளலாமா என்பதில் நம் இலக்கணமே யோசித்திருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நமக்கு வாழ்த்து என்பது மேலிருந்து கீழே இறங்குவது. பெரியவர் அட்சதை போடுவார், சின்னவர் குனிந்து வாங்கிக்கொள்வார். 'வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்' என்று பேனரில் போடுகிற ஊர் இது. இரண்டாவது படியாக உன் ஆசிரியரை வாழ்த்து என்றால், அறுபது வயது டீச்சரை நான் எப்படி வாழ்த்துவது என்று மனசு எழுந்து நின்றுவிடுகிறது. வேதாத்திரி மகரிஷி இந்த முடிச்சை வேறு விதமாக அவிழ்த்தார். சின்னவர், பெரியவர், கணவர், மனைவி, பகைத்தவர் என்று பாராமல் எல்லோரும் எல்லோரையும் பார்த்து 'வாழ்க வளமுடன்' சொல்வதைப் பழக்கமாக்கினார். மனவளக்கலை மன்றங்களில் பேரன் தாத்தாவைப் பார்த்து அதைச் சொல்வதைக் கேட்கலாம். அதில் பழகியவர்களுக்கு அந்தச் சொல்லே போதும், வேறு தேட வேண்டாம்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது 'நல்லா இருக்கணும்'. ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தால் பாட்டி சொல்வதும் இதுதான். வயதுக்கும் உறவுக்கும் இடறாது. 'அவங்க நல்லா இருக்கணும்', 'நீ நல்லா இருக்கணும்', 'நான் நல்லா இருக்கணும்' என்று மூன்று இடத்திலும் நாக்கில் தங்குகிறது. நான் பயன்படுத்துவது நான்கே வாக்கியம்: நல்லா இருக்கணும். பயமில்லாம இருக்கணும். உடம்பு நோகாம இருக்கணும். நிம்மதியாத் தூங்கணும். கடைசியை நானே சேர்த்துக்கொண்டேன். டயாலிசிஸ் நோயாளிகளில் பலருக்கு உடம்பு அரிக்கும், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், இரவு தூக்கம் வராது. மைத்திரி பழகியவருக்குக் கிடைக்கும் பதினொரு பயன்களை, புத்தரின் உரைத் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயம் அடுக்கும்போது முதலில் வருவது நிம்மதியாகத் தூங்குவதுதான் என்று பின்னால் தெரிந்தபோது சந்தோஷமாக இருந்தது.

ஈரம் இருக்கும் இடத்திலிருந்து தொடங்குவது

இரண்டாவது வாசல் இது. யாரை நினைத்தால் முயற்சி இல்லாமலே முகம் இளகுகிறதோ அவரிடம் தொடங்குவது. நமக்கு நல்லது செய்தவர், நாம் கேட்காமலே பசி அறிந்து சோறு போட்டவர். இன்றைய ஆசிரியர்கள் பலர், தன்னிலிருந்து தொடங்க முடியாதவர்களுக்காகப் பழைய வரிசையை இப்படி மாற்றிக் கொடுக்கிறார்கள். அதில் எனக்கு முழுச் சம்மதம்.

2008-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹட்சர்சன், செப்பாலா, கிராஸ் மூவரும் செய்த ஒரு சிறு சோதனை இங்கே உதவும். பிரியமான இரண்டு பேர் தன் இருபுறமும் நின்று அன்பைத் தருவதாக முதலில் நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு அதே உணர்வை முன்பின் தெரியாத ஒருவரின் புகைப்படத்தின் மேல் செலுத்தச் சொன்னார்கள். சில நிமிடப் பயிற்சிதான். அதற்கே அந்நியரோடு ஒரு நெருக்கம் கூடியது. அவர்கள் வாழ்த்துவதில் தொடங்காமல் வாங்கிக்கொள்வதில் தொடங்கியதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் இந்த வழியில் பலர் தடுக்கி விழுகிறார்கள். தாய்மார்கள் உடனே பெற்ற பிள்ளையை நிறுத்துவார்கள். மிக நெருங்கியவரை முதலில் வைக்காதே, அவருக்குச் சின்னத் துன்பம் வந்தாலும் உனக்கு அழுகை வந்துவிடும் என்று விசுத்திமக்கம் எச்சரிக்கிறது. நானே அனுபவித்தது. மகனை நினைத்து உட்கார்ந்த மூன்றாம் நிமிடத்தில் அவனுடைய பிளஸ் டூ மார்க்கும் பைக்கும்தான் மனத்தில் ஓடின. கணவன், மனைவி, காதலர் என்றாலும் இதே கதைதான். மைத்திரிக்குப் பக்கத்து வீட்டுப் பகை பற்று என்பது அந்த நூலின் கணிப்பு. அன்பைப் போலவே வேடம் போட்டு உள்ளே வந்துவிடும்.

இறந்தவரை எப்போதுமே நிறுத்தாதே என்பது இன்னொரு விதி. இதை நான் தெரியாமல் மீறினேன்.

டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கென்று ஒரு வலி இருக்கிறது. வாரத்துக்கு இரண்டோ மூன்றோ முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், வருடக்கணக்கில் அதே முகங்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருப்போம், மாமியார் சண்டையைத் தீர்த்து வைத்திருப்போம். ஒரு திங்கட்கிழமை அந்தப் படுக்கை காலியாக இருக்கும். வெள்ளிக்கிழமையே வேறொருவர் அதில் படுத்திருப்பார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர், நான் ஊசி குத்தும்போதெல்லாம் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பார். அவர் போன பிறகு இரண்டு மாதம் அவரைத்தான் நிறுத்தி மைத்திரி செய்தேன். அவரைவிடப் பிரியமானவர் வேறு யார் என்று தோன்றியது. தினமும் அழுகையில் முடிந்தது. தியானத்தையே விட்டுவிடும் நிலைக்கு வந்தேன்.

அப்போதுதான் விசுத்திமக்கத்தில் ஓர் இளம் பிக்குவின் கதையைப் படித்தேன். மைத்திரியில் நன்றாகத் தேர்ந்த அவர் தன் ஆசிரியரை நினைத்து உட்காருகிறார், ஒன்றும் கூடவில்லை. மூத்த பிக்கு ஒருவரிடம் போய்க் கேட்கிறார். "நீ நினைத்துக்கொண்டிருப்பவர் என்ன ஆனார் என்று தேடிப் பார்" என்கிறார் அவர். விசாரித்தால் ஆசிரியர் இறந்துவிட்டார். வேறொருவரை நினைத்ததும் தியானம் கூடியது. பதினைந்து நூற்றாண்டுக்கு முன் எழுதிய நூல் எங்கள் வார்டின் காலிப் படுக்கையைப் பற்றிப் பேசியது போல இருந்தது எனக்கு. இறந்தவருக்குச் செய்ய நம் வழக்கத்தில் வேறு இடங்கள் உண்டு: திதி, படையல், அவர் பெயரில் நாலு பேருக்குச் சாப்பாடு. அந்த டிரைவருக்கு நான் அதைத்தான் செய்கிறேன். தியானத்தில் நிற்க உயிரோடு இருக்கிறவர் வேண்டும். நாளைக்குக் காலையில் எதிரே வந்தால் நாம் சிரிக்கக்கூடியவர்.

அப்படி ஒருவரை நிறுத்தி, பத்து நாள் அவருக்கு மட்டும் செய்யுங்கள். பிறகு திருப்புங்கள். அவர் உங்களைப் பார்த்து 'நல்லா இருக்கணும்மா' என்று சொல்வதாக நினைத்து, வாங்கிக்கொள்ளுங்கள். தனக்குத் தானே சொல்லக் கூசுகிறவர்களும் பெரியவர் சொன்னால் குனிந்து வாங்கிக்கொள்வோம், அது நம் ரத்தத்தில் இருக்கிறது. இந்த வழியின் பலம் இதுதான். தன்னை முன்வாசல் வழியாகக் கூட்டிவர முடியாதவர்கள் பின்வாசல் வழியாகக் கூட்டிவரலாம்.

திசைகளை நோக்கி

மூன்றாவது வழியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். புத்தரின் உரைகளான சுத்தங்களில் அதிகம் வருவது இதுதான். ஆளை எண்ணாமல், மைத்திரி நிறைந்த மனத்தை ஒரு திசையில் பரப்பி, பிறகு இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, மேல், கீழ், குறுக்கு என்று விரிப்பது. வலிமையுள்ளவன் சங்கை ஊதினால் நான்கு திசைக்கும் எட்டுவது போல என்று உவமை சொல்வார்கள். இலங்கையில் பிரித் என்னும் காப்புப் பாடல்களை ஓதும்போது தவறாமல் கேட்கும் மெத்த சுத்தம் பத்தே பாடல். ஒற்றைப் பிள்ளையைத் தாய் தன் உயிரைக் கொடுத்துக் காப்பதுபோல எல்லா உயிர் மேலும் எல்லையில்லாத மனத்தை வளர்க்கச் சொல்கிறது. அதில் 'முதலில் நீ' என்ற படியே கிடையாது. நின்றாலும் நடந்தாலும் உட்கார்ந்தாலும் படுத்தாலும், விழித்திருக்கும்வரை இதைச் செய் என்கிறது.

உட்கார நேரமே கிடைக்காதவர்களுக்கு இது நல்லது. நான் காரிடாரில் நடக்கும்போது செய்கிறேன். ஆனால் முதல் வாசலாக வேண்டாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு 'எல்லா உயிர்களும்' என்பது வெறும் சொல்லாகிவிடும். உலகம் முழுவதையும் வாழ்த்திவிட்டு எழுந்து, எதிரே வந்த வார்டு பாயிடம் எரிந்து விழுந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மூச்சில் வாங்கிக் கொடுப்பது

நான்காவது, திபெத்தியரின் டோங்லென். உள்மூச்சில் மற்றவரின் துன்பத்தைக் கரும்புகை போல வாங்குவது, வெளிமூச்சில் நம்மிடம் உள்ள நலத்தைக் கொடுப்பது. 11-ஆம் நூற்றாண்டில் திபெத்துக்குப் போன இந்தியத் துறவி அதீசரின் வழிவந்தது. 12-ஆம் நூற்றாண்டில் திபெத்தியத் துறவி செகாவா அதை ஏழு பகுதிகளாகத் தொகுத்தார். மருத்துவமனை ஆட்களை இது காந்தம் போல இழுக்கும். நாள் முழுக்கத் துன்பத்தின் நடுவில் நிற்பவர்களுக்கு, அதை வாங்கிக்கொள்ள ஒரு வழி என்றால் கை தானாக நீளும்.

நான் நீட்டினேன், மூன்று வாரத்தில் நொறுங்கினேன். காரணம் பிறகு புரிந்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஓல்கா கிளிமெக்கி, தானியா சிங்கர் குழுவினர் இரண்டு பயிற்சிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறர் வலியைத் தன் வலியாக உணரும் பயிற்சி மட்டும் கொடுத்தபோது வேதனை உணர்வுகள் கூடின. அதன்பின் அதே ஆட்களுக்கு அன்பும் கனிவும் வளர்க்கும் பயிற்சி கொடுத்தபோது வேதனை தணிந்து நல்லுணர்வு எழுந்தது. 2014-இல் வெளியான ஆய்வு. வலியை உணர்வதும் கனிவும் ஒன்றில்லை. கருணைக்குப் பக்கத்து வீட்டுப் பகை துயரம் என்று புத்தகோசர் எழுதியதும் இதைத்தான் தொடுகிறது. நான் டோங்லென் என்று நினைத்துச் செய்தது துயரத்தைச் சேமித்தது மட்டுமே. வெளிமூச்சில் கொடுக்க என்னிடம் ஒன்றும் ஊறியிருக்கவில்லை. வாங்குவதை உன்னிடமிருந்தே தொடங்கு, உன் நாளைய துன்பத்தை முதலில் வாங்கு என்று செகாவாவின் தொகுப்பே சொல்கிறது. நான் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தேன்.

ஆகவே இதை ஒரு வருடமாவது தள்ளிவையுங்கள். சமீபத்தில் துக்கம் நேர்ந்தவர்கள், பழைய காயம் இரவில் வந்து எழுப்புகிறவர்கள் தொடவே வேண்டாம். அவர்கள் எந்தத் தியானத்துக்கும் முன்னால் ஒரு மனநல ஆலோசகரிடம் பேசுவது நல்லது.

பகைவருக்கும் முன்னால் ஒருவர்

எந்த வாசலில் நுழைந்தாலும் நடுவில் ஒரு படியை எல்லோரும் அவசரமாகத் தாண்டுகிறார்கள். பிடிக்காதவருக்கு எப்போது வருவோம் என்று எல்லோரும் கேட்கிறார்கள், விருப்பும் வெறுப்பும் இல்லாதவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என் அனுபவத்தில் அன்பு அருளாக மாறுவது அந்தப் படியில்தான். தினமும் பார்க்கிறோம், பெயர் தெரியாது. மருந்துக் கவுண்ட்டரில் நிற்கும் பையன், வாசலில் வண்டி ஒதுக்கிவிடும் செக்யூரிட்டி. அவரை ஒரு மாதம் நிறுத்தினால் போதும், பிறகு அவர் நடந்து வரும்போது மூட்டு வலிக்கிறதா என்று தானாகக் கண் பார்க்கும்.

பகைவருக்கு அவசரமே வேண்டாம். பிறர்மேல் எறிய நெருப்புக் கங்கை எடுப்பவன் கைதான் முதலில் சுடும் என்று விசுத்திமக்கம் பல விதமாகச் சொல்லி, எதுவும் பலிக்காவிட்டால் அவருக்கு ஒரு பொருளைக் கொடுத்துப் பார் என்கிறது. வேலை செய்யும் இடத்தில் என்னைப் பலர் முன்னால் அவமானப்படுத்திய ஒருவரை ஆறு மாதம் நினைத்தும் நெஞ்சு கல்லாகவே இருந்தது. ஒரு தீபாவளிக்கு நானே சுட்ட அதிரசத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் என்ன நினைத்தார் என்று தெரியாது. என் கல்லில் ஒரு கீறல் விழுந்தது.

எங்கே கற்பது என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். விபாசனா தியானம் கற்பித்த கோயங்காவின் வழியிலான பத்து நாள் முகாம் சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேதுவில் நடக்கிறது, கட்டணம் இல்லை. ஆனால் ஒன்பது நாள் மௌனமாக மூச்சையும் உடலுணர்வையும் கவனித்தபின் பத்தாவது நாள்தான் மைத்திரி சொல்லித்தருவார்கள். அது ஆழமான வேறு பயிற்சி. மைத்திரியை மட்டும் நாடுகிறவர் அதற்காகப் போக வேண்டியதில்லை, தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுக்கு அத்தனை நாள் லீவும் கிடைக்காது. மனவளக்கலை மன்றம் பக்கத்தில் இருந்தால் போகலாம், கூட நாலு பேர் இருப்பது பெரிய துணை. இல்லாவிட்டால் வீட்டிலேயே, இருபது நிமிடம், போனை அணைத்துவிட்டு. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஏழு வாரமாவது பாருங்கள். உளவியலாளர் பார்பரா ஃப்ரெட்ரிக்சன் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு நிறுவனத்தின் ஊழியர்களுக்கு ஏழு வாரம் இதைக் கற்பித்தார்கள். அன்றாட நல்லுணர்வுகள் உடனே பொங்கிவிடவில்லை, நாள் செல்லச் செல்லத்தான் கூடின.

அவளுக்கு என்ன சொன்னேன்

இரண்டாவது வாசலைச் சொன்னேன். அவளைப் போலத் தன்னை மறந்தே வளர்ந்தவர்களுக்கு அதுதான் முதலில், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் திருட்டுத்தனம் என்ற சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்ததால், விசுத்திமக்கத்தில் வரும் கொள்ளையர் கதையையும் சொன்னேன்.

நான்கு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். தியானம் செய்கிறவர், அவருக்குப் பிரியமானவர், விருப்பு வெறுப்பு இல்லாத ஒருவர், பகைவர். கொள்ளையர் வந்து, 'பலி கொடுக்க எங்களுக்கு ஒரு ஆள் வேண்டும், கொடு' என்கிறார்கள். இவரைப் பிடித்துக்கொள், அவரைப் பிடித்துக்கொள் என்று சொன்னால் மனத்தில் எல்லைக்கோடு இன்னும் அழியவில்லை என்று பொருள். இதுவரை யாரும் ஒப்புக்கொள்வோம்.

"அப்போ என்னைப் பிடிச்சுக்கோன்னு சொல்லணும், அதானேக்கா?" என்றாள்.

"அதுவும் இல்லையாம். 'என்னை எடுத்துக்கோ, அவங்க மூணு பேரை விட்டுடு'ன்னு சொன்னாலும் கோடு அழியலைன்னுதான் எழுதியிருக்கார். நாலு பேர்ல கொடுக்குறதுக்கு ஒருத்தருமே இல்லைன்னு எப்போ தெரியுதோ, அப்போதான்."

அவள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். அவள் பஸ் வந்துவிட்டது.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. அவள் தேர்ந்தெடுத்தது எங்கள் வார்டு ஆயாம்மாவை. நைட் ட்யூட்டியில் அவளுக்காக ஒரு டம்ளர் ரசம் எடுத்து மூடிவைக்கிறவர். ஆறு வாரம் அவருக்கே செய்தாள். அவர் சொல்வதாக வாங்கிக்கொள்ளும் படி இன்னும் அவளுக்குச் சிரமமாகத்தான் இருக்கிறது, பாதியில் எழுந்துவிடுகிறாள். அதற்கு அவசரமில்லை என்று சொல்லி, அடுத்த படிக்கு ஒருவரைத் தேடச் சொன்னேன். லிஃப்ட் இயக்கும் அண்ணனை எடுத்துக்கொண்டிருக்கிறாள். நான்கு வருடமாக ஒரு நாளைக்கு எட்டு முறை அவரோடு ஏறி இறங்கியும் பெயர் தெரியவில்லை என்பது உட்கார்ந்த முதல் நாள்தான் உறைத்ததாம். போன செவ்வாய்க்கிழமை போய்க் கேட்டுக்கொண்டு வந்து என்னிடம் சொன்னாள்.